துரிதப் பரிசோதனையின் உணர்திறனும் எமது கடமையும்

மார்கழி மழை இறங்கி, வாவியின் நீர் கரையேறி, வளவுகளிலும் வடிகான்களிலும் தண்ணீர் தேங்கி நிற்கும் காலத்தில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் ஒரு வாதம் எழுவதுண்டு. டெங்குக் காய்ச்சலைக் கண்டறியப் பயன்படும் துரிதப் பரிசோதனை நம்பத்தக்கதா, அல்லவா என்பதே அவ்வாதம். ‘இப்போது கையிலுள்ள பட்டி உணர்திறன் குறைந்தது, உணர்திறன் கூடியதொன்று வெளிநாட்டுச் சந்தைக்கு வந்துவிட்டது, அதைத் தருவித்தாற் குறை தீரும்’ என்பார் ஒரு சாரார். ‘பட்டி எதுவாயினும் பயனில்லை, அனுபவமுள்ள வைத்தியரின் கண்ணும் குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையுமே போதும்’ என்பார் மறு சாரார். முதலாவதிற் கேட்பது வணிகனின் குரல். இரண்டாவதிற் கேட்பது பெரிய வைத்தியசாலையின் மதிலுக்குள் நின்று உலகைப் பார்ப்போரின் குரல். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். துரிதப் பரிசோதனையின் உணர்திறனிற் பாதியே தொழிற்சாலையில் உருவாகிறது. மறுபாதி, குருதி எடுக்கப்படும் ஊரிலும் எடுக்கப்படும் நாளிலும் அதைப் பார்ப்பவரின் ஒழுங்கிலும் உருவாகவேண்டியது. அந்த மறுபாதியை உருவாக்கும் கடமை பல்கலைக்கழகத்தாராகிய எம்முடையது என்பதை நிறுவவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இந்நோய் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1962இல் டெங்கு இலங்கையில் நீர்ப்பாயப் பரிசோதனையால் உறுதிப்படுத்தப்பட்டது. 1989இல் அது குருதிப்பெருக்குக் காய்ச்சலாக உருவெடுத்துப் பரவியது. 2017இல் ஒரே ஆண்டில் 186,000க்கும் மேற்பட்டோர் நோயாளராகப் பதிவாயினர்; நானூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்நோயின் கொடுமை அதன் காலக்கணக்கில் இருக்கிறது. காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தின் வேளை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடற்சூடு இறங்கிப் ‘பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது’ என்று தாய் ஆறுதலடையும் அந்நேரத்திலேயே குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. ஓரிரு நாள் நீடிக்கும் அக்கசிவின்போது திரவத்தை அளந்து கொடுக்கத் தெரிந்தோர் அருகிலிருந்தால் நோயாளி பிழைப்பார். வீட்டிலே படுத்திருந்தாற் பிழைப்பது தற்செயல். இந்நிலையில், இரண்டு நாட்களுக்கு முன்னர் ஏதோவொரு தனியார் ஆய்வுகூடம் கொடுத்த துண்டில் ‘இல்லை’ என்று எழுதியிருப்பின், அத்தாய் மீண்டும் வைத்தியசாலைக்கு எதற்காகப் புறப்படுவாள்? ஒரு சொல் ஓர் உயிரை வீட்டில் இருத்திவிடும் என்பதாலேயே உணர்திறன் பற்றிய விவாதத்தை ஆய்வுகூடத்தாரின் உள்விவகாரமென்று ஒதுக்க முடியாதிருக்கிறது.

பட்டியின் இயக்கம் எளிமையானது. நீண்டொடுங்கிய நைத்திரோசெலுலோசு மென்றகட்டின் ஒரு முனையிற் குருதியோ நீர்ப்பாயமோ ஒரு துளி விடப்படுகிறது. அது மை ஒற்றுத்தாளில் ஊறும் தண்ணீர்போலத் தானாக முன்னேறுகிறது. வழியில், நிறத்துக்காகப் பொன்னின் நுண்துகள்கள் ஏற்றப்பட்ட வைரசுப் புரதங்கள் காத்திருக்கின்றன. நோயாளியின் குருதியில் டெங்குவுக்கு எதிரான ஐ.ஜி.எம். வகைப் பிறபொருளெதிரி இருப்பின் அது அப்புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சற்று அப்பால், மனித ஐ.ஜி.எம்.மைப் பிடிப்பதற்கெனக் கோடாகப் பதிக்கப்பட்ட வேறொரு பிறபொருளெதிரி அக்கூட்டை மறித்து நிறுத்துகிறது. பொன்துகள்கள் அங்கே குவியச் செந்நிறக் கோடு தோன்றுகிறது. அதற்கும் அப்பால் இன்னொரு கோடு உண்டு. திரவம் முழுத்தூரமும் ஓடியது என்பதை அறிவிக்கும் கட்டுப்பாட்டுக் கோடு. கர்ப்பப் பரிசோதனைக்காக 1980களின் இறுதியிற் பரவலாகிய அதே நுட்பம்தான் இது.

இந்தப் பட்டியின் உணர்திறனைக் கூட்ட உலகெங்கும் ஆய்வாளர் முயன்று வருகின்றனர், அம்முயற்சிகள் மெச்சத்தக்கவை. பொன்துகளின் பருமனை மாற்றுகின்றனர். தோன்றிய கோட்டின்மேல் வெள்ளியைப் படியவைத்து அதைக் கருக்கச் செய்கின்றனர். பொன்னுக்குப் பதிலாக ஒளிரும் யூரோப்பியத் துகள்களை ஏற்றி, கண்ணுக்குப் பதிலாகக் கருவியாற் பார்க்கின்றனர். டெங்கு வைரசின் நான்கு வகைகளினதும் புரதங்களைக் கலந்து பதிக்கின்றனர். திரவத்தின் ஓட்டத்தை மந்தப்படுத்திப் பிணைப்புக்கு அவகாசம் கொடுக்கின்றனர். இவற்றை யாரும் மறுக்க வேண்டியதில்லை. எனினும் எந்தத் தொழிற்சாலையாலும் தாண்டமுடியாத எல்லையொன்று உண்டு. குருதியில் இன்னும் பிறவாத பொருளை எந்தப் பட்டியும் காணாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட டெங்கு வழிகாட்டியின்படி, காய்ச்சல் தொடங்கி மூன்று தொடக்கம் ஐந்து நாட்களுக்குள் நோயாளரிற் பாதிப் பேரிடமே ஐ.ஜி.எம். தென்படுகிறது, ஐந்தாம் நாளளவில் 80 சதவீதத்தினரிடமும் பத்தாம் நாளளவில் 99 சதவீதத்தினரிடமும் தென்படுகிறது. ஆகவே மூன்றாம் நாளில் எடுத்த குருதியில், குறையே இல்லாத பட்டிகூடப் பாதிப்பேரைத் தவறவிடும். முன்னொருமுறை டெங்கு கண்டவர் மறுமுறை நோயுறும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. அவருடலில் ஐ.ஜி.ஜி. விரைந்து பெருகும், ஐ.ஜி.எம். மெலிந்து தோன்றும், சிலரிடம் தோன்றாமலே போகும். பல பத்தாண்டுகளாக டெங்கு உலவும் பிரதேசத்தில் இத்தகையோரே பெருகிவருவர் என்பது சொல்லாமலே விளங்கும். விற்பனைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் சதவீதம் எந்நாளில் எடுத்த குருதிக்குரியது, முதன்முறை நோயுற்றவருக்குரியதா மறுமுறை நோயுற்றவருக்குரியதா என்று வினவுவோர் எத்தனை பேர்?

அச்சிட்ட சதவீதத்தின் பெறுமதியை நடுநிலையான ஆய்வுகள் அம்பலமாக்கியுள்ளன. சந்தையிலிருந்த டெங்கு ஐ.ஜி.எம். சோதனைகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட அறிக்கையில் அவற்றின் உணர்திறன் 21 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை பரந்து கிடந்தது. ஒரே வேலைக்கென ஒரே விதமாக விளம்பரம் செய்யப்பட்ட பொருட்கள், ஐந்து நோயாளரில் ஒருவரை மட்டும் காண்பதும் ஏறத்தாழ எல்லாரையும் காண்பதுமாக இருந்தன. மலேரியா நோயாளரையும் முன்னர் டெங்கு கண்டோரையும் அவை ‘டெங்கு’ என்று தவறாகக் காட்டியதையும் அவ்வறிக்கை சொல்கிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இலங்கை 2016இல் மலேரியாவற்ற நாடென்று சான்று பெற்றுவிட்டது; மலேரியாக் குருதியில் ஒரு பட்டி தவறிழைக்கிறதா என்பது இன்று எமக்கு முதன்மையான வினாவன்று. எமது வயல்களில் உலவும் எலிக்காய்ச்சலின் குருதியில் அது என்ன செய்கிறது என்பதே எமது வினா. அவ்வினாவுக்கு வேறோர் ஊரார் விடை தேடித் தருவாரென்று காத்திருப்பது அறிவுடைமையாகாது.

இதைவிட எமக்கு நெருக்கமான சான்று 2011இல் வெளிவந்த ஆய்வு. அது 259 இலங்கை நோயாளரின் குருதியில் ஆறு துரிதச் சோதனைகளை ஒப்பிட்டது. அவர்களுள் 99 பேர் டெங்கு உறுதியானவர். எஞ்சிய 160 பேர் வேறு காய்ச்சலினர். வைரசின் என்.எஸ்.1 என்னும் பிறபொருளெதிரியாக்கியை நேரே தேடும் பட்டிகளின் உணர்திறன் 49 தொடக்கம் 59 சதவீதம். ஐ.ஜி.எம். தேடும் பட்டிகளின் உணர்திறன் 71 தொடக்கம் 80 சதவீதம். ஆனால் டெங்கு அல்லாதோரை அல்லாதோரென்று சொல்லும் திறன், அதாவது தனித்தன்மை, 46இலிருந்து 90 சதவீதம் வரை தள்ளாடியது. தனித்தன்மை 46 என்றால், வேறு காய்ச்சலுள்ள நூறு பேரில் 54 பேருக்கு டெங்கு முத்திரை குத்தப்படும் என்பது பொருள். அதே ஆய்வில், என்.எஸ்.1 பட்டியையும் ஐ.ஜி.எம். பட்டியையும் சேர்த்துப் பார்த்த ஒரு சோதனையில் உணர்திறன் 93 சதவீதத்துக்கு உயர்ந்தது; தனித்தன்மை 89இல் நின்றது. புதிய இரசாயனம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. புதிய துகள் எதுவும் ஏற்றப்படவில்லை. காய்ச்சலின் தொடக்கத்தில் வைரசுப் பொருளும் பிற்பகுதியிற் பிறபொருளெதிரியும் குருதியில் மேலோங்கும் என்னும் உடற்றொழிலறிவை ஒழுங்காகப் பயன்படுத்தியதன் விளைவே அவ்வுயர்வு. உணர்திறனைக் கூட்டுவது எவ்வாறு என்று கேட்போருக்கு எமது நாட்டு நோயாளரின் குருதியிலிருந்தே கிடைத்த விடை இது.

ஆனால் உணர்திறனை மட்டும் துரத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. வாவியில் வலை வீசுபவர் இதை எம்மைவிட நன்கறிவார். இறால் தப்பாதிருக்க வலைக்கண்ணைச் சிறுப்பித்தாற் பாசியும் குப்பையும் சேர்ந்தே ஏறும். மங்கலான கோட்டையும் ‘உண்டு’ என்று கொண்டால் உணர்திறன் கூடும். அதே கணத்திற் பொய்யும் கூடும். 93, 89 என்னும் அந்த நல்ல எண்களையே எடுத்துக் கணக்கிடுவோம். மாரி காலத்தில், காய்ச்சலோடு வரும் நூறு பேரில் 60 பேருக்கு உண்மையிலே டெங்கு என்று கொள்வோம். சோதனை அவர்களில் 56 பேரைக் காணும். எஞ்சிய 40 பேரில் நால்வரைப் பொய்யாகச் சேர்க்கும். துண்டு பெரும்பாலும் மெய் சொல்லும். கோடையில் நூறு பேரில் 10 பேருக்கே டெங்கு என்று கொள்வோம். அதே சோதனை 9 பேரை மெய்யாகவும் ஏறத்தாழ 10 பேரைப் பொய்யாகவும் ‘டெங்கு’ என்னும். அதே பட்டி, அதே ஆய்வுகூடம், அதே கை. ஆயினும் துண்டின் பெறுமதி நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமமாகிவிடுகிறது. பருவத்தை அறியாமற் பட்டியை வாசிப்பவர் பாதியையே வாசிக்கிறார்.

பொய்யான ‘உண்டு’ தீங்கற்றது என்று நினைப்பதும் பிழை. பெரும்போகத்தில் வட்டைக்குள் நாள் முழுதும் சேற்றில் நிற்கும் ஒருவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் கண்டு, சிறுதட்டுக்களும் குறைந்துவிட்டன என்று கொள்வோம். அது டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலிக்காய்ச்சலாயின் பெனிசிலின் போன்ற மருந்து காலத்தோடு கிடைக்கவேண்டும். தாமதித்தாற் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். டெங்குவுக்கோ அம்மருந்தினாற் பயனில்லை. ஆகவே மங்கற் கோடொன்றை நம்பி ‘டெங்கு’ என்று முடிவுகட்டினால், குணமாக்கத்தக்க நோயொன்று கைநழுவிப் போகும். உணர்திறன் என்னும் ஒற்றைச் சொல்லை மந்திரம்போல ஓதும் விளம்பரங்கள் இவ்வுழவரைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி, இப்பிரதேசத்தின் நிலவமைப்பே இவ்வினாவுக்குள் நுழைகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்நிலத்தை எழுவான்கரையென்றும் படுவான்கரையென்றும் இரண்டாகப் பிரிக்கிறது. எழுவான்கரையில் மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எனக் குடிமனைகள் நெருங்கிக் கிடக்கின்றன. வைத்தியசாலைகளும் தனியார் ஆய்வுகூடங்களும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. அங்கே காய்ச்சல் கண்ட அன்றோ மறுநாளோ குருதி சோதிக்கப்படுகிறது. படுவான்கரையில் வயல்களும் சிதறிய ஊர்களும். மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014இலேதான்; அதற்குமுன் ஓடத்தையே நம்பியிருந்தனர். பாலம் வந்தபின்னும், வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றிலிருந்து ஒரு நாட் கூலியை இழந்து புறப்படுவது இலேசான காரியமன்று. முதலிற் கைமருந்து, பின்னர் கடையில் வாங்கிய குளிசை, அதன்பின்னரே வைத்தியசாலை. அவ்வாறு வருபவர் வருவது நாலாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ ஆகும். இதன் பொருள் என்ன? ஒரே தொழிற்சாலையின் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரு பட்டிகள் வாவியின் இரு கரைகளிலும் இரு வேறு உணர்திறன் உடையனவாகின்றன. எழுவான்கரையில் முதலாம் நாளில் வருபவருக்கு ஐ.ஜி.எம். பட்டி ஏறக்குறையக் குருடு. படுவான்கரையில் ஐந்தாம் நாளில் வருபவருக்கு அதுவே நல்ல கண். என்.எஸ்.1 பட்டியோ மறுதலையானது. நாட்செல்லச் செல்லப் பார்வை மங்கும்.

இதனாலேயே, ‘பிறபொருளெதிரிச் சோதனைகளின் காலம் முடிந்துவிட்டது, இனி என்.எஸ்.1 ஒன்றே போதும்’ என்று நவீனம் பேசுவோரின் கூற்றை மறுக்கவேண்டியிருக்கிறது. நகரத்தானுக்கு வசதியான சோதனையை வைத்துக்கொண்டு, தாமதித்து வரும் ஏழை உழவனுக்குப் பயன்படும் சோதனையைக் கைவிடும் யோசனை அது. அதைச் சொல்வோர் அவ்வாறு எண்ணிச் சொல்வதில்லை. ஆயினும் விளைவு அதுவே.

‘வைத்தியரின் கண் போதும்’ என்போருக்கும் விடை சொல்லவேண்டும். போதனா வைத்தியசாலையின் விடுதியில் அவர்கள் கூற்று மெய்யே. மூன்றாம் நாள் முதல் குருதிக் கலங்களை எண்ணி, திரவக் கசிவைக் கண்காணித்து, பட்டி எதைச் சொன்னாலும் நோயாளியைப் பார்த்தே முடிவெடுக்கும் மரபு இந்நாட்டு வைத்தியரிடையே வேரூன்றியுள்ளது. அம்மரபினாற் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. ஆனால் துண்டு விடுதிக்குள் அடங்கியிருப்பதில்லை. அது வீட்டுக்குப் போகிறது, அயலவரால் வாசிக்கப்படுகிறது, மருந்துக் கடையிற் காட்டப்படுகிறது. விடுதிக்கு வந்தவரை வைத்தியரின் கண் காக்கும். வராமல் வீட்டிலிருக்கத் தீர்மானித்தவரின் தீர்மானத்தைத் துண்டே எழுதிக்கொடுத்திருக்கிறது.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இதைக் கவனிப்போர் குறைவு. பெரும்பாலான சோதனைப் பொதிகளின்மேல் 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பநிலையில் வைக்குமாறு எழுதியிருக்கும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை மட்டக்களப்பிற் கச்சான் காற்று வீசும்போது நிழலிலேயே 33, 34 பாகை காய்கிறது. தகரக் கூரையின்கீழ் அடைத்த களஞ்சிய அறையில் எவ்வளவு காயும் என்பதை அங்கே ஐந்து நிமிடம் நின்றவர் அறிவார். டெங்கு பெருகுவதோ வாடைக்காற்றோடு வரும் மாரியில். கச்சானில் வெந்து கிடந்த பொதி மாரியிற் பிரிக்கப்படுகிறது. பொன்துகளில் ஏற்றிய வைரசுப் புரதம் வெப்பத்தாற் சிதைந்திருந்தால் நோயுள்ள குருதியிலும் சோதனைக் கோடு தோன்றாது. கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் அழகாகத் தோன்றும். அது திரவம் ஓடியதற்கும் நிறத்துகள் நகர்ந்ததற்குமே சாட்சி. டெங்குப் புரதம் கெடாதிருப்பதற்குச் சாட்சியன்று. ‘கட்டுப்பாட்டுக் கோடு வந்துவிட்டது, ஆகவே சோதனை சரி’ என்று ஆய்வுகூட வகுப்புகளில் ஒப்புவிக்கப்படும் பாடம் அரைப்பாடமே. டெங்கு உள்ளதென்று முன்னரே உறுதியான நீர்ப்பாயத் துளியொன்றை ஒவ்வொரு புதிய பொதியிலும் இட்டுப் பார்ப்பதே இக்குறைக்குப் பரிகாரம். செலவு, பொதிக்கு ஒரு பட்டி.

வாங்கியபின் வருந்துவதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில், இந்தியா பல இலட்சம் துரிதப் பிறபொருளெதிரிச் சோதனைகளைச் சீனாவிலிருந்து அவசரமாகத் தருவித்தது. இராசத்தானில் 90 சதவீதத் திருத்தம் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 5.4 சதவீதமே கிடைத்ததென்று அம்மாநிலச் சுகாதார அமைச்சர் அறிவித்தார். 21ஆம் திகதி, அவற்றை இரு நாட்களுக்குப் பயன்படுத்தவேண்டாமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கேட்டுக்கொண்டது. 27ஆம் திகதி, திருப்பியனுப்பிவிடுமாறு மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாடும் தான் பெற்ற 24,000 சோதனைகளைத் திருப்பியனுப்பியது. 245 ரூபாவுக்கு வந்திறங்கிய சோதனை 600 ரூபாவுக்கு விற்கப்பட்டது என்ற செய்தி தில்லி உயர் நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்டது வேறு கதை. பழி முழுவதையும் பொருளின்மேற் சுமத்துவதும் நீதியன்று. தொற்றின் முதல் நாட்களிற் பிறபொருளெதிரி தோன்றியிராது. தொண்டையில் வைரசு இருப்பது உறுதியானவரின் குருதியிற் கோடு தோன்றாமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். பொருள் கெட்டதா, பயன்படுத்திய நாள் பிழையா என்பதைப் பிரித்தறிய, தம் ஊர்க் குருதியில் முன்கூட்டியே சோதித்துப் பார்த்த அளவுகோல் வேண்டும். அது கையில் இல்லாதபோது கிடைத்தவை ஒரு வாரக் குழப்பமும் திருப்பியனுப்பும் கடிதமுமே.

அந்த அளவுகோலை இங்கே ஆக்குவது எவ்வாறு? வேண்டப்படுவது ஒரு நீர்ப்பாயச் சேமவைப்பு. காய்ச்சலோடு வரும் நோயாளரிடம், அவர்தம் சம்மதத்தோடும் ஆய்வு ஒழுக்கவியற் குழுவின் அனுமதியோடும், வந்த அன்றும் இரண்டு வாரங்கழித்தும் குருதி எடுத்து, காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்பதைத் தவறாது குறித்து, உறைகுளிரில் வைக்கவேண்டும். பிறபொருளெதிரிக்கு மறை 20 பாகை போதும். வைரசுக்கு மறை 70 பாகை வேண்டும். எது டெங்கு, எது எலிக்காய்ச்சல், எது இரண்டுமன்று என்பதை எலைசா, பி.சி.ஆர். முதலிய உறுதிச் சோதனைகளாற் பிரித்தறியவேண்டும். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இத்துறையில் நீண்ட அனுபவமுடையது. அதன் துணையைக் கேட்டுப் பெறலாம். 90 சதவீத உணர்திறனை ஐந்து சதவீதம் முன்பின்னாக உறுதிசெய்ய ஏறத்தாழ 140 உறுதியான டெங்கு நோயாளரின் குருதி போதும் என்பது புள்ளிவிபரவியலின் முதலாம் ஆண்டுக் கணக்கு. நோய் பெருகும் ஒரு மாரியில் இம்மாவட்டம் அதைத் தந்துவிடும். அதன்பின் சந்தைக்கு எந்தப் பட்டி வந்தாலும், அது படுவான்கரைக் குருதியில், ஐந்தாம் நாளில், மறுமுறை நோயுற்றவரில், எலிக்காய்ச்சலினரில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை ஒரு வாரத்திற் சொல்லிவிடலாம். வாங்குவோர் அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம். விற்போரும் அதற்கேற்பத் தம் பொருளைத் திருத்துவர். திருத்தாதோர் வேறு ஊர் பார்ப்பர்.

1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் உள்ளன. உயிரிரசாயனம் தெரிந்தோரும் புள்ளிவிபரம் தெரிந்தோரும் நோயாளியைத் தொடத் தெரிந்தோரும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும்போது எமக்குக் குறைவது யாது? துணிவென்று சொன்னாற் சிலருக்குக் கோபம் வரும். பழக்கம் என்று சொல்லிவைப்போம். எமது மாணவர் ஆய்வுகளிற் பெரும்பகுதி வினாக்கொத்துக்களாகவே இருக்கும் பழக்கத்தையே கருதுகிறேன். ‘டெங்கு பற்றிய அறிவும் மனப்பாங்கும் நடைமுறையும்’ என்னும் தலைப்பில் இன்னொரு கிராமத்திற் போய், நுளம்பு எங்கே முட்டையிடும் என்று மக்களிடம் கேட்டு, மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்னும் முடிவோடு திரும்பும் ஆய்வு இது எத்தனையாவது? மக்களின் அறிவை அளக்கும் ஆர்வத்தில் ஒரு பங்கையாவது, அவர்களின் குருதியை அளக்கும் பட்டியின் அறிவை அளக்கச் செலவிடலாகாதா? இறுதியாண்டு மாணவர் இருவர், மேற்பார்வைக்கு ஒரு விரிவுரையாளர், தடையற்ற மின்சாரத்தோடு ஓர் உறைகுளிர்ப் பெட்டி: தொடக்கத்துக்கு இவ்வளவே.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது தமிழ்ச் சங்கத்தின் ஏடாதலின். பட்டியின் விளைவு நோயாளியின் கைக்கு வருவது ‘நெகட்டிவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லாக. அது வீட்டிலே ‘டெங்கு இல்லை’ என்று மொழிபெயர்க்கப்படுகிறது. இம்மொழிபெயர்ப்பு விஞ்ஞானப்படி பொய். மூன்றாம் நாளிற் கோடு தோன்றாமை ‘இன்று காணப்படவில்லை’ என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. விஞ்ஞானத்தை முறையாகப் பயின்று, 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணியை முன்னின்று நடத்திய விபுலாநந்த அடிகள் பிறந்தது இதே பிரதேசத்தின் காரைதீவில். மணிப்பாயில் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்கள் ஆக்கியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில். இவ்வளவு முன்னோடிகளை உடைய மொழியில், நோயாளிக்கு உண்மை சொல்லும் ஒரு வரியை அச்சிட இன்றும் தயங்குவது ஏன்? துண்டிற் காய்ச்சலின் எத்தனையாம் நாளிற் குருதி எடுக்கப்பட்டது என்பது இருக்கவேண்டும். ‘இன்று காணப்படவில்லை; காய்ச்சல் தணிந்தபின் வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, சோர்வு, குருதிக்கசிவு கண்டால் உடனே வைத்தியசாலைக்கு வரவும்’ என்பது இருக்கவேண்டும். இதற்கு ஆய்வு நிதி தேவையில்லை. இறப்பர் முத்திரையொன்று போதும். இவ்வொரு வரியால் நோயாளர் காலத்தோடு திரும்பி வந்து மறுமுறை சோதிக்கப்படுவராயின், தவறவிட்டவரை இரண்டாம் முறை காணும் வாய்ப்பு உண்டாகிறது. அவ்வகையில் அதுவும் உணர்திறனைக் கூட்டும் வழிகளுள் ஒன்றே.

சேமவைப்புக்கான சம்மதப் படிவத்தையும் ஒழுக்கவியற் குழுவுக்கான விண்ணப்பத்தையும் புரட்டாதிக்கு முன் எழுதி முடித்தாக வேண்டும். குழுவின் அனுமதி கிடைக்க மாதங்கள் செல்லும். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். மழைக்குப் பின் படிவம் எழுதத் தொடங்குவோருக்கு அவ்வாண்டின் குருதி கிடைக்காது.